அப்பாவோட கள்ளிச்செடியும் நான் தள்ளிப்போட்ட ரெண்டு வருஷமும்

எங்க வீட்டுக் கள்ளிச்செடி என்னாச்சுன்னு யாராச்சும் கேட்டா காத்துல விழுந்து அழுகிப்போச்சுன்னு ஒரே வரியில முடிச்சிடுவேன். அது பொய் இல்ல, ஆனா பாதிதான். அது விழறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இதை வெட்டி புதுசா வேர் விட வைக்கணுமா இல்ல இப்படியே வச்சிருக்கணுமான்னு ஒரு கேள்வி வந்துச்சு, நான் பதில் சொல்லாம நழுவிக்கிட்டே இருந்தேன், கடைசில செடியே முடிவு பண்ணிடுச்சு. கேக்கறதுக்கும் சரியான ஆள் இல்ல, செடி வளக்கற ரெண்டு பேரைக் கேட்டேன், ஒருத்தர் கள்ளிதானே எங்க வெட்டிப் போட்டாலும் வரும்னாங்க, இன்னொருத்தர் பழைய செடியைத் தொடவே கூடாதுன்னாங்க. ரெண்டுமே தப்புன்னு எனக்கு இப்பத் தெரியும். அப்பத் தெரிஞ்சிருந்தா கையில 30 முள்ளும் ஏறியிருக்காது, 5 துண்டுல 4 குப்பைக்கும் போயிருக்காது.

செடி அப்பா வாங்கினது. வரும்போது ஒரு சாண் உசரம்தான் இருந்துச்சாம். செரியஸ்னு ஒரு வகை, தூண் மாதிரி நேரா மேல போகும், உடம்பு பூரா விலா எலும்பு மாதிரி வரிவரியா மேடு, அந்த மேட்டு விளிம்புல முள்ளுக்கொத்து. 20 வருஷத்துக்கு மேல ஆகி 7 அடி ஆயிடுச்சு, பால்கனி கூரையைத் தொட்டு நுனி ஒரு பக்கமா வளைய ஆரம்பிச்சிருந்துச்சு. வருஷத்துல சில நாள் பூக்கும், பூ ராத்திரியிலதான் விரியும், வெள்ளையா கை அகலத்துக்கு மேல இருக்கும், விடிஞ்சு வெயில் ஏறினா தொங்கிடும். அப்பா டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்து தூங்கற எல்லாரையும் எழுப்பிவிடுவார், நாங்க திட்டிக்கிட்டே போய்ப் பாப்போம். அவர் போனதுக்கப்புறம் அந்தச் செடிகிட்ட கத்தியைக் கொண்டுபோக எனக்கு மனசு வரல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் பண்ண தப்பு முக்காவாசி தோட்டக்கலை தெரியாததால வந்தது இல்ல, இந்தப் பாசத்தால வந்தது.

செடியில ஒரு இடுப்பு இருந்துச்சு. கீழ 4 அடி நல்லா கெண்டைக்கால் தடிமனுக்கு இருக்கும், அதுக்கு மேல ஒரு முழம் மணிக்கட்டு அளவுக்கு ஒல்லியாயிடும், அதுக்கு மேல திரும்பவும் தடிமன். வீட்டுல பெயிண்ட் வேலை நடந்தப்போ செடியை உள்ள ஒரு இருட்டு மூலையில வச்சு ஒரு வருஷம் போல அப்படியே மறந்துட்டோம், அந்த ஒரு வருஷ வளத்திதான் அந்த இடுப்பு. வெளிச்சம் பத்தலேன்னா கள்ளி வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போய் ஒல்லியா நீளும். அப்புறம் வெயில்ல வச்சாலும் அதுக்கப்புறம் வர்ற பகுதிதான் தடிமனா வரும், ஒல்லியா போன இடம் பழைய அளவுக்கு ஊதாது. அந்த மணிக்கட்டு மேலதான் மேல் பாகத்தோட பாரம் பூரா உக்காந்திருந்துச்சு. கள்ளின்னா உடம்பெல்லாம் தண்ணிதான், பாக்க ஒல்லியா இருந்தாலும் தூக்கினா ஒரு குடம் தண்ணி தூக்கற மாதிரி கனக்கும். உங்க செடியில இப்படி ஒரு இடுப்பு இருந்து அதுக்கு மேல பாரமும் இருந்தா, வெட்டணுமா வேணாமான்னு யோசிக்கவே வேண்டியதில்ல, எப்ப வெட்டறதுங்கறது மட்டும்தான் கேள்வி. இது எனக்குத் தெரியாது. நான் கயித்தை எடுத்து ஜன்னல் கம்பியோட சேத்து இறுக்கிக் கட்டிட்டு, பிரச்சினை தீந்துச்சுன்னு நினைச்சுட்டேன்.

கயிறு கட்டினது முதல் தப்பு. கள்ளி தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், அந்த வரிவரியான மேடு இருக்கறதே அதுக்குத்தான், துருத்தி மாதிரி விரிஞ்சு சுருங்க. நைலான் கயித்தை இறுக்கிக் கட்டினா உப்பும்போது தோலை அறுத்துடும். ரெண்டு மாசத்துல கயிறு உள்ள இறங்கி அந்த இடம் பழுப்பா புண்ணாகிடுச்சு, அதுவும் எங்க, சரியா அந்த இடுப்புல. முட்டுக் குடுக்கணும்னா அகலமான துணிப்பட்டையோ பழைய சைக்கிள் ட்யூபோ எடுத்து விரல் நுழையற மாதிரி தளர்வா, தடிமனான எடத்துல ரெண்டு மூணு பக்கம் கட்டுங்க. அதுவும் தற்காலிகம்தான், கட்டினா முடிஞ்சுதுன்னு எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது தப்புக்குத்தான் காசு நிறையப் போச்சு. இவ்ளோ பெரிய செடி இந்தச் சின்னத் தொட்டியில இருக்கே, அதான் சாயுதுன்னு நினைச்சு, பளபளன்னு ஒரு பெரிய பீங்கான் தொட்டி வாங்கினேன். அந்தத் தொட்டிக்குக் குடுத்த காசுல மண் தொட்டி பத்து வாங்கியிருக்கலாம். அடியில ஓட்டை ஒண்ணே ஒண்ணு, சுண்டுவிரல் போகும் அவ்ளோதான். அதுல நல்ல கறுப்பு மண்ணும் உரமும் போட்டு, பாவம் இத்தனை வருஷம் பட்டினி கிடந்துச்சுன்னு செடியை மாத்தின அன்னிக்கே ரெண்டு பக்கெட் தண்ணியும் ஊத்தினேன். வேர் எவ்ளோ இருக்கோ அதைவிட ரெண்டு விரக்கடை பெருசா இருந்தாப் போதும் தொட்டி. பெரிய தொட்டியில வேர் இல்லாத மண்ணு வாரக்கணக்கா ஈரமாவே நிக்கும், கள்ளிக்கு எமன் அந்த ஈரம்தான். மண்ணுல பாதிக்கு மேல பெருமணலோ பெர்லைட்டுங்கற லேசான வெள்ளைக் கல்லோ உடைச்ச சின்னக் கல்லோ இருக்கணும், கையில பிடிச்சா உருண்டை நிக்காம உதிரணும். தொட்டி மாத்தும்போது சின்ன வேரெல்லாம் கொஞ்சம் அறுபடும், அந்தப் புண்ணு ஆற ஒரு வாரமாச்சும் விட்டுட்டுதான் தண்ணி. உசரமான செடி கவுறாம இருக்கணும்னா தொட்டியைப் பெருசாக்க வேணாம், மண் தொட்டியா கனமானதா வாங்குங்க, இல்ல சின்னத் தொட்டியைக் கல்லு போட்ட இன்னொரு தொட்டிக்குள்ள இறக்கி வைங்க. இந்தக் கடைசி யோசனை எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் ஒருநாள் பல்லு விளக்கும்போது தோணுச்சு, அதுதான் வெறுப்பா இருக்கு.

அடியில தண்டு பழுப்பா கெட்டியா மரப்பட்டை மாதிரி இருந்துச்சு, அது வயசானா வர்றது, தக்கை கட்டுறதுன்னு சொல்வாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. எனக்கு இது தெரிஞ்சிருந்ததே வினையாப் போச்சு. ஏன்னா தொட்டி மாத்தின மூணாம் மாசம் மண்ணை ஒட்டி ஒரு பக்கம் பழுப்பு கொஞ்சம் மேல ஏறியிருந்துச்சு, நான் அதையும் தக்கைன்னு விட்டுட்டேன். கண்ணால பாத்து முடிவு பண்ணக்கூடாது இதுல. தக்கை கீழ இருந்து மெதுவா வருஷக்கணக்குல ஏறும், காஞ்சிருக்கும், குச்சி வச்சு அழுத்தினா கல்லு மாதிரி இருக்கும். அழுகல்னா நிறம் ஈரமா கறுத்த மாதிரி இருக்கும், அழுத்தினா உள்ள போகும், சில நேரம் ஒரு புளிச்ச வாடை வரும். இன்னொரு அடையாளமும் இருந்துச்சு, தண்ணி ஊத்தியும் செடி சுருங்கியே இருந்துச்சு. காஞ்சு சுருங்கின கள்ளி தண்ணி ஊத்தினா சில நாள்ல தெளிஞ்சிடணும், தெளியலேன்னா உறிஞ்ச வேர் இல்லேன்னு அர்த்தம். நான் என்ன பண்ணேன், இன்னும் பத்தலபோலன்னு மேல ஊத்தினேன்.

விழுந்தது ஒரு ராத்திரி. நல்ல காத்து, வீட்டுல நான் மட்டும்தான். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தா இடுப்புல ரெண்டா முறிஞ்சு மேல் பாதி தரையில கிடக்குது, விழற வேகத்துல அதுவும் ரெண்டா பொளந்து, பக்கத்துல இருந்த துளசித் தொட்டியையும் உடைச்சுப் போட்டிருந்துச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு, செடிக்காகவா அப்பாவுக்காகவான்னு கேக்காதீங்க. அந்த நேரத்துல அப்படியே விட்டுட்டுப் போய்ப் படுத்திருக்கணும். முறிஞ்ச கள்ளி ஒரு ராத்திரியில சாகாது, ஒரு வாரத்துலகூட சாகாது. ஆனா யாருக்கோ முதலுதவி பண்ற மாதிரி பதறிப்போய் ஒரு டர்க்கி டவலைச் சுத்தி தூக்கினேன். டவல் நூல்ல முள்ளு மாட்டிக்கிச்சு, இழுத்தா தோலோட வருது, விட்டா கையில இறங்குது. நியூஸ்பேப்பரை நீளமா பட்டை மாதிரி மடிச்சு தண்டைச் சுத்திப் பிடிக்கறது, இல்ல மெத்தை உள்ள வைக்கற ஸ்பாஞ்ச் ரெண்டு துண்டு, இல்ல பழைய கால்மிதி, இதுல எது வேணா பரவால்ல, துணி மட்டும் வேணாம். பெரிய செடியைத் துணைக்கு ஒரு ஆள் இல்லாம தொடாதீங்க.

முள்ளு பத்தி தனியாவே சொல்லணும். பெரிய முள்ளைக் கூர்மையான இடுக்கி வச்சு, ஏறின திசையிலயே நேரா இழுத்தா வந்துடும், பக்கவாட்டுல ஆட்டினா உள்ள ஒடியும். என் கையில ஏறினது செரியஸ் முள்ளு, ஊசி மாதிரி நேரா இருக்கும், அது ஒரு வகையில அதிர்ஷ்டம். சப்பாத்திக்கள்ளி வகையா இருந்திருந்தா பெரிய முள்ளோட பூனைமுடி மாதிரி ஒரு பொடி முள்ளும் கொத்துக்கொத்தா இருக்கும், நுனியில கொக்கி, தொட்டாலே உதிர்ந்து தோல்ல ஏறிடும், கண்ணுக்கும் சரியாத் தெரியாது. அதைத் தேய்க்கக்கூடாது, முதல்ல இடுக்கியில முடிஞ்சதை எடுத்துட்டு மிச்சத்துக்கு நல்லா ஒட்டற டேப்பை அழுத்தி அழுத்தி உரிக்கணும். எனக்கு 30 முள்ளுல 29 அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சு. ஒண்ணு விரல் மூட்டு பக்கத்துல ஒடிஞ்சு உள்ள நின்னுடுச்சு, தானா வந்துடும்னு மூணு வாரம் விட்டேன், விரல் வீங்கி மடக்க முடியாமப் போய், அப்புறம் டாக்டர்கிட்ட போய் கீறி எடுத்தாங்க. மூட்டு பக்கத்துல ஏறினா அடுத்த நாளே காட்டிடுங்க, அந்த மூணு வாரமும் நான் இடது கையில சாப்பிட ஸ்பூன் பிடிக்கப் பழகினேன்.

இப்ப துண்டுங்க கதைக்கு வரேன். கீழ விழுந்த ரெண்டு பாகத்துல ஒண்ணை நானே இன்னும் நாலா வெட்டினேன், நிறைய செடி கிடைக்குமேன்னு பேராசை, ஆக மொத்தம் 5 துண்டு. காய் நறுக்கற கத்தி, நடுவுல ஒருதரம்கூடத் துடைக்கல. இடுப்புல கயிறு அறுத்த புண்ணு இருந்துச்சே, அந்தத் துண்டை வெட்டின அதே கத்திதான் மத்ததுக்கும். முதல் வெட்டுக்கு முன்னாடியும் ஒவ்வொரு வெட்டுக்கு அப்புறமும் கத்தியை ஸ்பிரிட்ல துடைக்கணும், 70 சதவீத ஆல்கஹால் போதும். அப்புறம் ரெண்டு துண்டை அடுத்த நாளே ஈர மண்ணுல நட்டுட்டேன், ரோஜாக் குச்சி நடற மாதிரி. ரெண்டும் மூணு வாரத்துல அடியில கூழாகிடுச்சு. கள்ளியை வெட்டினா வெட்டுவாய் நல்லா காஞ்சு மூடணும், மேல ஒரு காஞ்ச தோல் கட்டணும், தட்டினா டொக் டொக்குன்னு கேக்கணும். விரல் தடிமன் துண்டுக்கு ஒரு வாரம் போதும், கெண்டைக்கால் தடிமனுக்கு ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம். நிழலா காத்தோட்டமா இருக்கற எடத்துல வச்சா போதும், தண்ணி தெளிக்கவே கூடாது. பட்டைப்பொடி தடவு, கந்தகப்பொடி தடவுன்னு சொல்வாங்க, தடவலாம், ஆனா பொடி தடவிட்டு அடுத்த நாள் நட்டா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, காயவிடறதுதான் மருந்து.

மூணாவது துண்டைக் காயப்போட்டேன், ஆனா படுக்கப்போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா நுனி வெளிச்சத்தைப் பாத்து வளைஞ்சிருக்கு, கீழ தரையைத் தொட்ட பக்கவாட்டுல வேர் வந்திருக்கு. நேரா நிமிர்த்தி நட வழியில்லாம, சாய்ச்சு நட்டு அதுவும் கடைசில சரியா பிடிக்காமப் போச்சு. நாலாவது துண்டை என்ன பண்ணேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, தலைகீழா நட்டேன். ரெண்டு பக்கமும் வெட்டின நடுத்துண்டு, எது மேல எது கீழன்னு எனக்கு மறந்துடுச்சு. கள்ளிக்கு மேல் கீழ் உண்டுங்க, வேர் கீழ்ப்பக்கத்துல இருந்துதான் வரும். ஆறு மாசம் அது ஏன் அசையவே இல்லன்னு தினம் பாத்துக்கிட்டிருந்தேன், தம்பி வந்து ஒருநாள் முள்ளு எல்லாம் கீழ்நோக்கி இருக்கே அக்கான்னான். வெட்டறதுக்கு முன்னாடியே மார்க்கர் எடுத்து ஒவ்வொரு துண்டுலயும் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுடுங்க, வெயில் பட்ட பக்கம் எதுன்னு ஒரு புள்ளியும் வைங்க. நிழல் பக்கமாவே இருந்த தோலைத் திடீர்னு வெயிலுக்குத் திருப்பினா வெளிறிக் கருகிடும், அந்தத் தழும்பு போகவே போகாது.

இன்னொண்ணு, வெட்டறதுக்கு முன்னாடி அது நிஜமாவே கேக்டஸ்தானான்னு பாத்துக்கோங்க. நம்ம பேச்சுல எல்லாமே கள்ளிதான், சதுரக்கள்ளியும் கள்ளி, சப்பாத்திக்கள்ளியும் கள்ளி, ஆனா குடும்பம் வேற வேற. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூஃபோர்பியா, கீறினா வெள்ளையா பால் கொட்டும், அந்தக் கள்ளிப்பால் தோல்ல பட்டா எரியும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கிளவுஸும் போடாம அதை வெட்டவே கூடாது, வெட்டினா வெட்டுவாயைத் தண்ணியில கழுவி பால் நிக்க வச்சுட்டுதான் காயப்போடணும். கேக்டஸ்ல முள்ளு ஒரு சின்னப் பஞ்சு மேட்டுல இருந்து கொத்தா வரும், அரியோல்னு பேரு, யூஃபோர்பியாவுல அது இருக்காது, பெரும்பாலும் முள்ளு ஜோடி ஜோடியா இருக்கும். பாலை மட்டும் வச்சு முடிவு பண்ண வேணாம், மமிலேரியாங்கற கேக்டஸ்ல சில வகைக்கும் பால் வரும்.

மேல் பாகம் இப்படிப் போக, கீழ 4 அடி தொட்டியில நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. இங்கதான் எனக்கு நிஜமாவே மனசு விட்டுப்போச்சு. அடியில அழுகல் இருக்குன்னு அந்த நேரத்துல எனக்கு ஓரளவு புரிஞ்சிருந்துச்சு, ஆனா அப்பா நட்ட வேர் இது, இதை எடுத்துட்டா அப்புறம் என்ன மிச்சம்னு தோணும். மேல இருந்து வெட்டறது ஒரு துண்டு வெட்டற மாதிரி, கீழ வெட்டறது செடியையே கொல்ற மாதிரின்னு ஒரு நினைப்பு. ஆனா கள்ளியில துண்டுன்னா அது குழந்தை இல்ல, அதே செடிதான். விதையில இருந்து வர்றதுதான் வேற செடி. துண்டு அதே உடம்போட தொடர்ச்சி, வயசுகூட அதோடவே வரும், அதனாலதான் பூத்த செடியில இருந்து எடுத்த துண்டு விதைச்செடியைவிட ரொம்ப சீக்கிரம் பூக்கும். இந்த ஒரு விஷயம் யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கத்தி எடுத்திருப்பேன். நான் காப்பாத்தணும்னு நினைச்சது வேர்ல இல்ல, அந்த 7 அடியில எந்த ஒரு சாண்லயும் இருந்துச்சு.

ஒரு மாசம் அப்படியே விட்டேன். ஒருநாள் அழுத்திப் பாத்தா விரல் உள்ள போயிடுச்சு. தம்பியை வரச்சொல்லி ரெண்டு பேருமா சாய்ச்சு வெட்டினோம். வெட்டின முகத்துல நடுவுல ஒரு வளையம் தெரியும், தண்ணி ஏறுற நரம்பு வளையம் அது, நல்ல செடியில அது வெளுப்பா பச்சையா இருக்கணும், எங்களுக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பா இருந்துச்சு. சுத்தி இருக்கற சதை பச்சைப்பசேல்னு இருக்கு, பாத்தா நல்லா இருக்கற மாதிரிதான் தோணும், ஆனா வளையத்துல ஒரு புள்ளி பழுப்பு இருந்தாலும் அழுகல் அந்த வழியா மேல ஏறும். ரெண்டு விரக்கடை மேல போய் இன்னொரு வெட்டு, கத்தியைத் துடை, பாரு, பழுப்பு. இன்னொண்ணு. அம்மா கதவுகிட்ட நின்னுக்கிட்டு போதும்டி விடுடின்னாங்க. 3 அடி வரைக்கும் போனோம், கடைசியா ஒரு சாண் துண்டுல வளையம் சுத்தமா வந்துச்சு, அதுக்கு மேல இடுப்புப் புண்ணு. அந்த ஒரு சாணை காயப்போட்டேன், ரெண்டு பக்கமும் காயம், மழைக்காலம் வேற, தாங்கல. வளரும் பருவத்தோட ஆரம்பத்துல, வெதுவெதுப்பா ஈரப்பதம் இல்லாத நாள்ல வெட்டினா பாதி வேலை தானா நடக்கும், குளிர்லயோ அடைமழையிலயோ அவசரம் இல்லாம வெட்டாதீங்க, அழுகல் வந்துட்டா மட்டும் நாள் கிழமை பாக்க முடியாது, எனக்கு அந்த நிலைமைதான்.

ஐந்தாவது துண்டு இருக்கில்ல, நுனித்துண்டு, அதை நான் மறந்தே போயிருந்தேன். விழுந்த அன்னிக்கு செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி சுவத்துல சாச்சு நிக்கவச்சது. ஏறக்குறைய மூணு மாசம் கழிச்சு செருப்பு தேடும்போது பாக்கறேன், கொஞ்சம் சுருங்கி இருக்கு, ஆனா அடியில வெள்ளையா நாலஞ்சு வேர் எட்டிப்பாக்குது. தண்ணி இல்ல, மண்ணு இல்ல, நான் இல்ல. கள்ளி பகல்ல துளைங்களை மூடிக்கிட்டு ராத்திரிலதான் மூச்சு வாங்கும், அதனால உடம்புல இருக்கற தண்ணியை மாசக்கணக்கா செலவு பண்ணாம வச்சிருக்கும், இதை அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் பாத்துப் பாத்து கவனிச்ச நாலும் போச்சு, கவனிக்காத ஒண்ணு பிழைச்சுச்சு. அதைச் சின்ன மண் தொட்டியில, மணல் தூக்கலான கலவையில, அடி ரெண்டு விரக்கடை மட்டும் புதையற மாதிரி நட்டு, சுத்தி மூணு குச்சி முட்டுக் குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு கொஞ்சமா தண்ணி. உரம் இல்ல. வெளிச்சமான நிழல்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகத்தினேன். நுனியில புதுப் பச்சை தெரியற வரைக்கும் ஆட்டிப் பாக்கவே இல்ல.

இப்ப யாராச்சும் பழைய செடி போட்டோ காட்டி என்ன பண்ணலாம்னு கேட்டா நான் முதல்ல கேக்கறது அடி கெட்டியா இருக்கா, நேரா நிக்குதா, நடுவுல ஒல்லி இடுப்பு இருக்கா, தலைக்கு மேல எடம் இருக்கா, இதுதான். எல்லாம் சரின்னா செடியை விட்டுடுங்க, வயசாச்சுங்கறதுக்காக வெட்ட வேண்டியதில்ல, பழுப்பா அசிங்கமா இருக்குங்கறதுக்காகவும் வேணாம். ஆனா ஆரோக்கியமா இருக்கும்போதே ஒரே ஒரு கிளையையோ நுனியையோ எடுத்து வேர் விட வச்சு வேற எடத்துல வச்சுக்கோங்க. அது ஒண்ணு கையில இருந்தா தாய்ச்செடி விஷயத்துல பதறாம யோசிக்கலாம், எனக்கு யோசிக்க முடியாமப் போனதே அது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சுங்கற பயத்தால. நுனியை எடுத்தா தாய்ச்செடி சாகாது, வெட்டுக்குக் கீழ இருக்கற அரியோல்ல இருந்து ரெண்டு மூணு கிளை வரும், வெட்டை மட்டும் லேசா சாய்வா வெட்டுங்க, தண்ணி தேங்காம வழிஞ்சிடும். துண்டோட அடி விளிம்பைப் பென்சில் சீவற மாதிரி கொஞ்சம் சீவிவிடுங்க, காயும்போது சதை சுருங்கி நடு வளையம் உள்ள போயிடாம இருக்கும், வேர் அங்க இருந்துதான் வரணும்.

எல்லா வகைக்கும் இது பொருந்தாது. உருண்டையா ஒத்தையா வளர்ற கள்ளியை நடுவுல வெட்டினா அழகே போயிடும், பக்கத்துல குட்டி போட்டா குட்டியை எடுங்க, போடலேன்னா சும்மா விடுங்க. தட்டை தட்டையா இலை மாதிரி தொங்கற கிறிஸ்துமஸ் கேக்டஸ் அடியில மரம் மாதிரி ஆனா அது வயசு, ரெண்டு மூணு கணுவா திருகி எடுத்து நட்டா போதும், தாய்ச்செடியும் இன்னும் அடர்த்தியாகும். பச்சைத் தண்டு மேல சிவப்பு மஞ்சள் உருண்டை ஒட்டி விக்கறாங்களே, அந்த உருண்டையைத் தனியா எடுத்து நடாதீங்க, அதுல பச்சையமே இல்ல, சொந்தமா சாப்பாடு செய்யத் தெரியாது, வேணும்னா புதுத் தண்டுல திரும்ப ஒட்டணும்.

செருப்பு ஸ்டாண்டுச் செடிக்கு இப்ப ரெண்டரை வருஷம், மூணடி ஆயிடுச்சு, இன்னும் பூக்கல. போன வருஷம் அதோட பக்கக்கிளை ஒண்ணை, அம்புக்குறி எல்லாம் போட்டு, அஞ்சு வாரம் நிக்கவச்சுக் காயவிட்டு தம்பிகிட்ட குடுத்தேன். போன வாரம் போட்டோ அனுப்பினான், அக்கா பாரு எவ்ளோ வேகமா வளருதுன்னு. டிவிக்குப் பக்கத்துல வச்சிருக்கான், நுனி வெளிறி சுண்டுவிரல் மாதிரி நீண்டுக்கிட்டிருக்கு. உடனே ஃபோன் போட்டு ஜன்னல்கிட்ட நகத்துடான்னேன். சோஃபா இருக்கே அக்காங்கறான்.